முதியோரின் தொடைத்தசையை அளக்க ஒரு கையடக்க ஸ்கேன்: பதினான்கு மாதப் பயன்பாட்டுக்குப் பின் ஒரு மதிப்புரை

எங்கள் மருத்துவமனையின் முதியோர் வார்டில் உறவினர்கள் வாயிலிருந்து அடிக்கடி கேட்கும் சொல் "சூம்பிப் போச்சு" என்பது. காய்ச்சலுக்கோ இடுப்பெலும்பு முறிவுக்கோ சேர்க்கப்பட்டுப் பத்து நாள் கட்டிலில் கிடந்த தாயின் தொடையைக் கையால் பிடித்துப் பார்த்துவிட்டு, "வந்தப்ப இப்படி இல்லை டாக்டரம்மா, காலெல்லாம் சூம்பிப் போச்சு" என்று மகள் சொல்லும்போது, அவர் சொல்வது உண்மை என்று எனக்குத் தெரியும். எவ்வளவு சூம்பியிருக்கிறது என்று கேட்டால் மட்டும் சொல்வதற்கு என்னிடம் ஓர் எண் இருந்ததில்லை. நான் ஸ்கேன் மருத்துவர்; வயிறும் கழுத்தும் இரத்தக் குழாய்களும் பார்த்து இருபது ஆண்டுகளுக்கு மேல் ஆகின்றன. ஆயினும், கிழிசலோ கட்டியோ இல்லாத ஒரு சாதாரணத் தசையை, அதன் பருமனுக்காகவே நின்று அளந்ததில்லை. எங்கள் முதியோர் நல மருத்துவர் ஓராண்டாக வற்புறுத்திய பிறகே, கம்பியில்லாமல் டேப்லெட்டுடன் இணையும் கையடக்க ஸ்கேன் கருவி ஒன்றை மருத்துவமனை வாங்கியது. அதைப் பதினான்கு மாதங்கள் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். கருவியின் பெயரைக் குறிப்பிடவில்லை. நான் சொல்லப்போகும் நிறைகுறைகளில் பெரும்பாலானவை இந்த வகைக்கே உரியவை.

முதலில், இதை ஏன் அளக்க வேண்டும் என்பதைச் சொல்லியாக வேண்டும். முதுமையில் தசை குறைவதற்கு 1988இல் இர்வின் ரோசன்பெர்க் என்ற அமெரிக்க ஊட்டச்சத்து அறிஞர் சார்கோபீனியா என்று பெயரிட்டார். சதைக் குறைவு என்று பொருள்படும் கிரேக்கச் சொற்களால் ஆன பெயர் அது. அமெரிக்காவில் அதற்குத் தனி நோய்க் குறியீட்டெண் கிடைத்தது 2016இல்தான். நடுவில் கழிந்த ஏறத்தாழ முப்பது ஆண்டுகளில், "வயசானா அப்படித்தான்" என்ற ஒரே விடையோடு எத்தனை பேர் வீட்டுக்கு அனுப்பப்பட்டிருப்பார்கள் என்று நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. தசை கரையும் வேகம் நாம் நினைப்பதைவிட அதிகம். லண்டனில் தீவிர சிகிச்சைப் பிரிவு நோயாளிகளை ஸ்கேன் மூலம் தொடர்ந்து அளந்து 2013இல் வெளியிட்ட ஆய்வில், தொடையின் முன்புறத் தசையின் குறுக்குப் பரப்பு பத்தே நாளில் சராசரியாக 17.7 விழுக்காடு குறைந்திருந்தது. நோயே இல்லாத முதியவர்களைப் பத்து நாள் படுக்கையில் வைத்துப் பார்த்த அமெரிக்க ஆய்வொன்றிலும், கால்களிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒரு கிலோ கொழுப்பற்ற திசு போயிருந்தது.

ஆசியர்களுக்கான சார்கோபீனியா பணிக்குழு 2019இல் வெளியிட்ட வரையறையை நாங்கள் பின்பற்றுகிறோம். அதன்படி கைப்பிடி வலு ஆண்களுக்கு 28 கிலோவுக்கும் பெண்களுக்கு 18 கிலோவுக்கும் கீழே இருந்தாலோ, கையை ஊன்றாமல் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழுந்து உட்கார 12 விநாடியோ அதற்கு மேலோ ஆனாலோ சந்தேகப்பட வேண்டும். அதன் பிறகு தசையின் அளவைக் கண்டு உறுதி செய்ய வேண்டும். அந்த இரண்டாம் படியில்தான் எங்களைப் போன்ற ஊர்களுக்குச் சிக்கல். வரையறை ஏற்றுக்கொள்ளும் வழிகள் இரண்டு: எலும்பு அடர்த்தி பார்க்கும் டெக்சா இயந்திரம், உடலில் மெல்லிய மின்னோட்டம் செலுத்தி அளக்கும் கருவி. டெக்சா பெருநகரங்களுக்கு வெளியே அரிது. இருக்கும் இடத்துக்கும் படுத்த படுக்கையானவரை ஆம்புலன்ஸில் ஏற்றித்தான் கொண்டுபோக வேண்டும். மின்னோட்டக் கருவியோ உடலில் நீர் கோத்திருந்தால் தவறான எண்ணைக் காட்டும். பேஸ்மேக்கர் வைத்தவர்களுக்கு அதைப் பயன்படுத்தக் கூடாது. முதியோர் வார்டில் இந்த இரண்டு வகையினரையும் கழித்துவிட்டால் மிச்சம் இருப்பவர்கள் சிலரே.

இனி கருவிக்கு வருகிறேன். உள்ளங்கையில் அடங்கும், டார்ச் விளக்கு ஒன்றின் கனம்தான். 2010இல் விஸ்கேன் என்ற பாக்கெட் அளவுக் கருவி வந்ததிலிருந்து இத்துறை வேகமாக மாறியிருக்கிறது. 2017இல் அமெரிக்காவின் பட்டர்ஃபிளை நிறுவனம், ஒலியலை எழுப்பும் படிகங்களுக்குப் பதிலாக ஒரே சிலிக்கான் சில்லின் மீது அமைந்த புரோபுக்கு (உடலின் மீது வைத்துப் பார்க்கும் முனைக்கு) அந்நாட்டு அனுமதியைப் பெற்றது. அப்படி எல்லா உறுப்புக்கும் ஒரே புரோப் என்பதைத் தேர்வதா, தசைக்கும் இரத்தக் குழாய்க்கும் ஏற்ற நேர்கோட்டு புரோபைத் தனியாகத் தேர்வதா என்ற கேள்வி வாங்கும்போதே எழும். எங்கள் தேவை தொடை மட்டும் என்பதால் இரண்டாவதைத் தேர்ந்தோம். அதில் எனக்கு வருத்தமில்லை. நோயாளியின் தொடையில் வைத்தவுடன், தோல், அதன் கீழ்க் கொழுப்பு, வெள்ளைக் கோடாகத் தசையுறை, அதற்குள் அரைநிலா வடிவில் முன்தொடையின் நேர்த்தசை, அதற்கடியில் இன்னொரு தசை, எல்லாவற்றுக்கும் கீழே பளிச்சென்று தொடையெலும்பின் வளைவு என்று வரிசையாகத் தெரியும். தசையுறையிலிருந்து எலும்பு வரை ஒரு கோடு இழுத்தால் பருமன் வந்துவிடுகிறது. கதிர்வீச்சு இல்லை, நோயாளியை அசைக்க வேண்டியதில்லை, ஒருவருக்கு ஐந்து நிமிடம் போதும்.

இவ்வளவு எளிதாகத் தெரிவதில்தான் ஆபத்தும் இருக்கிறது. மெலிந்த முதியவரின் தசை இளைஞரின் தசையைப் போல் விறைப்பாக இருப்பதில்லை. புரோபை வழக்கமாக வயிற்றில் அழுத்துவதுபோல் அழுத்தினால், தசை நசுங்கி, 20 மில்லிமீட்டர் இருக்க வேண்டியது 15 ஆகிவிடும். கை சற்றே கனத்தாலும் ஒருவருக்கு இல்லாத நோயை உண்டாக்கிவிடலாம் என்பதை முதல் மாதத்திலேயே கண்டு அஞ்சினேன். இதற்கு நாங்கள் கைக்கொண்ட முறை, ஜெல்லைத் தாராளமாகக் குவித்து, புரோப் தோலின் மீது இல்லாமல் ஜெல்லின் மீது மிதப்பதுபோல் பிடிப்பது. திரையில் தோலுக்கு மேலே ஒரு கருப்புப் பட்டை தெரிய வேண்டும். தோல் தட்டையாகிவிடாமல் அதன் இயல்பான வளைவோடு இருக்க வேண்டும். அந்தப் பட்டை இல்லாத படத்தில் எடுத்த அளவை நாங்கள் பதிவு செய்வதில்லை.

அளக்கும் இடமும் அதே அளவுக்கு முக்கியம். இடுப்பெலும்பின் முன்முனைக்கும் முழங்கால் சில்லின் மேல்விளிம்புக்கும் நடுவே இஞ்ச் டேப்பால் சரிபாதி கண்டு, பேனாவால் குறித்து, அந்தக் குறியின் மீதுதான் புரோபை வைக்க வேண்டும். இரண்டு விரல் மேலே போனால் தசை தடித்துவிடும், கீழே போனால் மெலிந்துவிடும். நோயாளி மல்லாந்து, காலை நீட்டித் தளர்த்தி, சில நிமிடங்களாவது படுத்திருந்திருக்க வேண்டும். பிசியோதெரபி முடித்து வந்தவுடன் அளக்கக் கூடாது. புரோப் தொடைக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும், சாய்ந்தால் கோடும் சாய்ந்து நீளும். ஐரோப்பிய முதியோர் மருத்துவர்களின் சார்கஸ் என்ற குழு 2018இலும் பிறகு 2021இலும் இவற்றையெல்லாம் ஒரு சீராக வகுத்து எழுதியிருக்கிறது. கருவியோடு வந்த கையேட்டில் இவற்றில் ஒரு வரிகூட இல்லை. தசையை அளக்கலாம் என்று விற்பவர்கள், எப்படி அளப்பது என்பதையும் சேர்த்துத் தர வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன்.

முதல் இரண்டு மாதங்கள் கையடக்கக் கருவியில் எடுத்த ஒவ்வோர் அளவையும், நடக்க முடிந்த நோயாளிகளிடம், ஸ்கேன் அறையிலுள்ள பெரிய இயந்திரத்திலும் எடுத்துப் பார்த்தேன். பருமனைப் பொறுத்தவரை இரண்டும் என் மனம் ஒப்பும் அளவுக்கு நெருங்கி நின்றன. ஒரே தொடையை, புரோபை எடுத்தும் மீண்டும் வைத்தும் நானே மூன்று முறை அளந்தபோது 19.4, 20.1, 19.7 மில்லிமீட்டர் என்று வந்தது. ஆனால் என்னிடம் பயிலும் இளம் மருத்துவர் அதே காலை அளந்தபோது தொடக்கத்தில் 3 மில்லிமீட்டர் வரை வேறுபாடு இருந்தது. ஆறு வாரப் பழக்கத்துக்குப் பின்தான் அது 1 மில்லிமீட்டருக்குள் வந்தது. எனவே எங்கள் வார்டில் ஒரு நோயாளியைத் தொடக்கத்தில் அளந்தவரே இறுதி வரை அளக்கிறார், 1.5 மில்லிமீட்டருக்குக் குறைந்த மாற்றத்தை மாற்றம் என்று எழுதுவதில்லை.

இந்தக் கருவி தன் விலைக்கு ஈடு செய்த இடம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால், கால் வீக்கத்தைச் சொல்வேன். இதயம் பலவீனமான ஒரு முதியவர் மூச்சுத்திணறலோடு சேர்ந்தார். கெண்டைக்கால் சுற்றளவு 35 சென்டிமீட்டர். ஆண்களுக்கு 34க்குக் கீழே இருந்தால்தான் சந்தேகப்பட வேண்டும் என்பது மேலே சொன்ன ஆசிய வரையறையின் விதி. ஆகவே டேப்பின் கணக்கில் அவருக்குத் தசைக்குறைவு இல்லை. பார்ப்பதற்கும் திடமான கால்களாகவே இருந்தன. தொடையில் புரோபை வைத்தபோது தோலுக்குக் கீழே நீர் கோத்த கொழுப்பு வெடிப்பு விட்ட வயல்போல் விரிந்து கிடந்தது. அதற்கடியில் தசை 16 மில்லிமீட்டர்தான். நீரிறக்கும் மருந்தில் ஒன்பது நாளில் கெண்டைக்கால் 31க்கு இறங்கியது. வீக்கம் வடிந்த பிறகு அவர் நடக்க முடியாமல் தடுமாறியபோது குடும்பத்தார் மருந்தின் மீது பழி சொன்னார்கள். வலு குறைந்தது மருந்தால் அல்ல, தசை முன்பே கரைந்திருந்தது என்று சேர்க்கையன்று எடுத்த படத்தைக் காட்டி விளக்க முடிந்தது. பிசியோதெரபி அன்றே தொடங்கியது. தசைக்குள்ளும் சிறிது நீர் ஊறும் என்பதால் அந்த 16ஐயும் நான் முழுமையாக நம்பவில்லை. வீக்கம் வடிந்த பின் அளந்த எண்ணையே அவருடைய அடிப்படை அளவாகக் கொண்டோம்.

எந்த எண்ணுக்குக் கீழே குறைவு என்பது என்ற கேள்வி இயல்பாக எழும். எல்லா மக்களுக்கும் பொருந்துவதாக எல்லோரும் ஏற்றுக்கொண்ட ஒரே எல்லை ஸ்கேன் அளவுக்கு இன்னும் கிடையாது. துருக்கியின் மறுவாழ்வு மருத்துவர்கள் 2020இல் முன்வைத்த ஸ்டார் என்ற விகிதம் பயன்படுத்த எளிது. முன்தொடைத் தசையின் பருமனை மில்லிமீட்டரில் எடுத்து, உடல் நிறைக் குறியீட்டெண்ணால் (பி.எம்.ஐ.) வகுத்தால், ஆண்களுக்கு 1.4க்கும் பெண்களுக்கு 1.0க்கும் கீழே வந்தால் தசைக்குறைவு. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர், 78 வயது, 150 சென்டிமீட்டர் உயரம், 54 கிலோ, குறியீட்டெண் 24. அவருடைய தசைப் பருமன் 21 மில்லிமீட்டர்; விகிதம் 0.88. இதை அவரிடம் சொன்னபோது வகுத்தலைத் தாமே ஒரு முறை போட்டுப் பார்த்தார். கால் வீங்கியவர்களுக்கு இந்தக் கணக்கைப் போடக் கூடாது. நீரின் எடை குறியீட்டெண்ணை ஏற்றி, விகிதத்தை இறக்கிவிடும். நம் மக்களின் உடலமைப்புக்கு இந்த எல்லைகளை அப்படியே எடுத்துக்கொள்வதிலும் எனக்குத் தயக்கம் உண்டு. ஆகவே நோயின் பெயரை எழுதுவதற்குக் கைப்பிடி வலுவும் நாற்காலிச் சோதனையும்தான் எங்களுக்கு முதன்மையானவை. ஒருவரின் இன்றைய தசையை அவருடைய நேற்றைய தசையோடு ஒப்பிடுவதற்கே ஸ்கேனை நம்புகிறோம். அந்த ஆசிரியைக்குப் பன்னிரண்டு வாரப் பயிற்சிக்கும், தினமும் முட்டையும் சுண்டலும் சேர்த்த உணவுக்கும் பின் 22.8 வந்தது. விகிதம் இன்னும் 1.0ஐத் தொடவில்லை; ஆனால் நாற்காலியிலிருந்து ஐந்து முறை எழ 19 விநாடி எடுத்தவர் இப்போது 14 விநாடியில் எழுகிறார்.

தசையின் தரத்தையும் இதில் பார்க்கலாம் என்று விளம்பரங்கள் சொல்வதை நான் ஏற்கவில்லை. கொழுப்பும் நாரும் ஊடுருவிய தசை திரையில் வெளுத்துத் தெரியும் என்பது உண்மையே. அதை நான்கு படிகளாகப் பிரித்துச் சொல்லும் முறை 1982 முதலே இருக்கிறது. ஆனால் அந்த வெளுப்பு, படத்தின் பிரகாச அமைப்பை மாற்றினாலே மாறிவிடக்கூடியது. எங்கள் கருவியின் செயலி அந்த அமைப்பைத் தானாகவே கூட்டியும் குறைத்தும் கொள்கிறது. ஒரு மாதம் கழித்து அதே அமைப்பில் படம் எடுக்க வழியில்லை. பெரிய இயந்திரத்தில் அதைப் பூட்டி வைக்க முடியும். தரம் பற்றிய எண்ணைக் கையடக்கக் கருவியிலிருந்து எடுத்து யாராவது அறிக்கையில் எழுதினால், நான் அதைப் பொருட்படுத்த மாட்டேன்.

இன்னொரு குறை அகலம். புரோபின் முகம் நான்கு சென்டிமீட்டருக்கும் சற்றுக் குறைவு. உடல் பருத்த ஆண்களின் தொடை நடுவில் நேர்த்தசை அதைவிட அகலமாக இருப்பதால் இரு ஓரங்களும் படத்துக்கு வெளியே போய்விடுகின்றன. குறுக்குப் பரப்பை அளக்க முடிவதில்லை. பெரிய இயந்திரத்தில் புரோபை நகர்த்தி அகலப் படமாகத் தைத்துக்கொள்ளும் வசதி உண்டு, இதில் இல்லை. பருமன் மட்டும் போதும் என்று முடிவு செய்து இந்தக் குறையைச் சுற்றிப் போகிறோம். கோடை மாதங்களில் குளிரூட்டப்படாத பொது வார்டில் தொடர்ந்து ஆறேழு பேருக்குப் பார்த்தால் புரோப் சூடேறித் தானே நின்றுவிடுகிறது. கால் மணி நேரம் காத்திருக்க வேண்டும். பேட்டரி ஏறத்தாழ ஒரு மணி நேரம் நிற்கிறது. படங்களை மருத்துவமனைக் கணினிக்கு அனுப்பும் வசதிக்கு ஆண்டுச் சந்தா தனியாகக் கட்ட வேண்டியிருப்பதை விற்பனையின்போது யாரும் எங்களிடம் தெளிவாகச் சொல்லவில்லை. சந்தாவைச் சேர்த்துத்தான் விலையைக் கணக்கிட வேண்டும்.

சட்டத்தைப் பற்றி விரிவாகவே எழுத வேண்டும், ஏனென்றால் இதை விசாரிக்கும் பிசியோதெரபிஸ்டுகளும் வீட்டு மருத்துவச் சேவை நடத்துபவர்களும் அதை அறியாமல் பணத்தைக் கட்டிவிடுகிறார்கள். இந்தியாவில் பாலினத் தேர்வைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டம், பி.சி.பி.என்.டி.டி. என்று நாங்கள் சொல்வது, கருவைப் பார்க்கக்கூடிய எந்த ஸ்கேன் கருவிக்கும் பொருந்தும். தொடையை மட்டும்தான் பார்ப்போம் என்பதால் விலக்கு இல்லை. இடமும் கருவியும் பதிவாகியிருக்க வேண்டும். இயக்குபவர் உரிய பட்டமோ பயிற்சியோ பெற்ற மருத்துவராக இருக்க வேண்டும். 2012இல் சேர்க்கப்பட்ட விதியின்படி, எடுத்துச் செல்லக்கூடிய கருவியைப் பதிவு பெற்ற வளாகத்தினுள் உள்நோயாளிகளுக்கோ, பிற மருத்துவச் சேவைகளையும் சேர்த்து வழங்கும் நடமாடும் மருத்துவ ஊர்தியிலோ மட்டுமே பயன்படுத்தலாம். கைப்பையில் போட்டுக்கொண்டு வீடு வீடாகப் போக முடியாது. உசிலம்பட்டியும் சேலமும் பெண் சிசுக்கொலைக்காகச் செய்திகளில் அடிபட்ட காலத்தில், தொட்டில் குழந்தைத் திட்டம் தொடங்கிய அந்தத் தொண்ணூறுகளில் மருத்துவம் படித்தவள் நான். இந்தச் சட்டம் தளர வேண்டும் என்று ஒருபோதும் சொல்ல மாட்டேன். ஆனால் யாருக்காக இந்தக் கருவி சிறியதாக்கப்பட்டதோ, மாடிப்படி இறங்க முடியாமல் வீட்டுக்குள் கிடக்கும் அந்தப் பாட்டியிடம் இதைக் கொண்டுபோக முடியவில்லை என்பது எனக்கு மிகுந்த வேதனையைத் தருகிறது. நடமாடும் மருத்துவ ஊர்திகளில் தகுதி பெற்ற மருத்துவரோடு இதையும் சேர்ப்பதற்கு விதி இடம் தருகிறது. அந்த வழியையாவது மருத்துவமனைகள் எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஆகவே யார் வாங்கலாம்? உள்நோயாளிப் பிரிவும் ஸ்கேன் பதிவும் ஏற்கெனவே உள்ள, முதியோரை வாரக்கணக்கில் தொடர்ந்து பார்க்கும் மருத்துவமனைகள் வாங்கலாம். புறநோயாளிகளை மட்டும் பார்க்கும் சிறு கிளினிக்குகளுக்கு இது வேண்டாம். அவர்கள் கைப்பிடி வலுமானி ஒன்றும், கைப்பிடியில்லாத நாற்காலி ஒன்றும், இஞ்ச் டேப்பும் வைத்துக்கொண்டாலே பெரும்பாலான நோயாளிகளைக் கண்டுபிடித்துவிடலாம். ஜப்பானில் டேப்கூட இல்லாமல், நோயாளியின் இரு கைக் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாகச் சேர்த்து அவர் கெண்டைக்காலையே சுற்றிப் பிடிக்கச் சொல்கிறார்கள்; வளையத்துக்குள் கால் தொளதொளவென்று இருந்தால் அடுத்த சோதனைக்கு அனுப்புகிறார்கள். இதைச் செய்யாமல் சில லட்சம் ரூபாய்க்குக் கருவி வாங்குவது முறையன்று.

வாங்குவதென்று முடிவு செய்தவர்களுக்கு ஒன்று: விற்பனைப் பிரதிநிதி பெரும்பாலும் தம்முடைய முன்கையிலோ கழுத்திலோ வைத்துத்தான் காட்டுவார், முப்பது வயது உடலில் எந்தக் கருவியும் அழகான படம் தரும். உங்கள் வார்டில், எண்பது வயதைக் கடந்த, மெலிந்த, சம்மதம் தந்த ஒருவரின் தொடையில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். ஜெல்லை முன்கூட்டியே வெதுவெதுப்பாக்கி வைத்திருங்கள், போர்வையை அளக்கும் இடத்துக்கு மட்டும் விலக்குங்கள், பெண் நோயாளியானால் செவிலியர் ஒருவர் உடனிருக்கட்டும். பேனாவால் குறித்த இடத்தில் மூன்று முறை அளந்து, கருவியை அணைத்துவிட்டு, அரை மணி கழித்து மீண்டும் மூன்று முறை அளக்கச் சொல்லுங்கள். ஆறு எண்களையும் உங்கள் கையாலேயே எழுதிப் பார்த்த பிறகு விலையைப் பேசுங்கள்.